பிசின் வழிந்த மரம்

தகப்பன் மரங்கொத்தியைப் பருந்து தூக்கிக்கொண்டு போன அன்றே பேராசிரியர் போனில் சொல்லிவிட்டார். "அந்தக் கூடு அவ்வளவுதாம்மா. வேற மரத்தைப் பாரு."

ஆராய்ச்சிக்காரிக்கு மனசு கேட்கவில்லை. முட்டையிட்டதிலிருந்து தொலைநோக்கியும் கையுமாக அவள் தவம் கிடக்கும் பொந்து அது. உள்ளே மூன்று குஞ்சுகள். தாய் ஒருத்தி எத்தனை வாய்க்குத்தான் இரை தேடுவாள்? ஆனால் போன வருஷத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் தனிக்குடித்தனம் போகாமல் கூடவே இருந்தார்கள். அடையாளத்துக்கு அவள் மாட்டிய வளையம், ஒருவன் காலில் பச்சை, இன்னொருவன் காலில் மஞ்சள். அவர்களை நம்பி அதே மரத்தடியில் உட்கார்ந்தாள்.

நம்பிக்கை வீண்போகவில்லை. இருவரும் மாறி மாறிப் புழுவோடு வந்தார்கள்.

"உங்கண்ணன் குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வெச்சதில்ல," என்றாள், லீவுக்கு வந்திருந்த அண்ணி. "இதுங்க தம்பி தங்கச்சிக்கு ஊட்டி விடுதே!"

பச்சைக்காலனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பொந்தைச் சுற்றிப் பட்டையைக் கொத்திக் கொத்திப் பிசினை வழியவிடுவான். அது தகப்பன் செய்துகொண்டிருந்த வேலை.

ஒரு மத்தியானம் மரத்தில் பாம்பு ஏறியது. அண்ணி குச்சியை எடுத்துவிட்டாள்.

"வேணாம் அண்ணி. நாம கை வெச்சா இத்தனை நாள் பார்த்ததுக்கு அர்த்தமே இல்ல."

"குஞ்சு செத்தா மட்டும் அர்த்தம் இருக்கா?"

ஆராய்ச்சிக்காரி அண்ணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தாயும் மஞ்சள்காலனும் பாம்பைச் சுற்றிக் கத்தினார்கள். பச்சைக்காலன் கத்தவில்லை. பொந்துக்குக் கீழே தொற்றிக்கொண்டு வெறிபிடித்தவன்போல் கொத்தினான். புதுப்பிசின் கொழகொழவென்று இறங்கியது. பாம்பின் வயிற்றில் அது அப்பிக்கொள்ள, செதில்கள் பட்டையைப் பற்றவில்லை. தலையைத் தூக்கி மறுபக்கம் போய்ப் பார்த்தது. அங்கேயும் பிசின். பிடி நழுவித் தொப்பென்று சருகில் விழுந்து, வந்த வழியே ஓடிவிட்டது.

அண்ணி குச்சியைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள்.

அடுத்த வாரம் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசிக் குஞ்சு கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. பச்சைக்காலன் எதிர்க்கிளையில் புழுவைக் காட்டி ஆசை காட்ட, அதுவும் தடுமாறிப் பறந்து போய்ச் சேர்ந்தது. ஆராய்ச்சிக்காரி சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பேராசிரியரைக் கூப்பிட்டாள். "சார், மூணும் பறந்துடுச்சு."

"நல்லவேளை, என் பேச்சை நீ கேக்கல," என்றார். "இதைக் கட்டுரையா எழுதும்மா. உன் பேரை முதல்ல போட்டு எழுது."

அண்ணி போனைப் பிடுங்கினாள். "சாட்சி வேணும்னா என்னைக் கூப்பிடுங்க சார். நானும் கண்ணால பார்த்தேன்."