பயண விதி ஆறு

1

இந்தக் கதையை எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. கேட்டவர் சின்னமனூரில் வாழைக்காய் ஏற்றுமதிக் கம்பெனி நடத்தும் சுருளிவேல். அங்கே கடிதம் எழுதுகிற ஆள் நான். "நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீகளே, நம்ம ஆளுக வேலையா வெளியூர் போனா எப்படிப் போகணும், எங்கன தங்கணும்னு ஒரு பாலிசி எழுதிக் குடுங்க" என்றார். கதைக்கும் பாலிசிக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். அப்போது எனக்கும் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "மேகமலையில் மஞ்சு இறங்கிய காலையில் அருள்செல்வி..."

வேண்டாம். அவர் பேக்கிங் கொட்டகையில் வாழைச் சீப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மலையைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

இரண்டாவது: ராயப்பன்பட்டிக்காரர், முப்பத்தோரு வயது, தரப் பரிசோதகர். கொச்சியில் கண்டெய்னர் கப்பலேறும் முன் அதன் குளிர்நிலையைச் சரிபார்ப்பது அவர் வேலை. இது போதும்.

3

எங்கள் பக்கத்தில் வெளியூர் போனவர் லாட்ஜில் தங்கினால் சொந்தபந்தம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் முதலாளி சுருளிவேல் அருள்செல்வியைக் கொச்சியில் தன் தங்கை பவுனு வீட்டில் தங்கவைத்தார். காலை ஆறு மணிக்குத் துறைமுகக் கண்டெய்னர் யார்டில் நிற்க வேண்டியவரை, புட்டு வேகும்வரை பவுனு விடவில்லை. அருள்செல்வி போய்ச் சேர்ந்தபோது கண்டெய்னர் கப்பலில் இருந்தது. பதின்மூன்று டிகிரியில் இருக்க வேண்டிய குளிர் பதினெட்டில் இருந்ததைப் பார்க்க ஆளில்லை. நடுக்கடலில் அத்தனை காயும் பழுத்துவிட்டது.

(புட்டு நான் சேர்த்தது. உண்மையில் அப்பம். பழுத்தது பழுத்ததுதான்.)

பழி அருள்செல்வி மேல் விழுந்தது. முதலாளி சொல்லச் சொல்ல விதி ஆறை எழுதினேன்: "பெண் ஊழியர்கள் இனி வெளியூர் வேலைக்கு அனுப்பப்பட மாட்டார்கள்." மறுப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

4

முடிவு (அ): அருள்செல்வி கண்ணைத் துடைத்தபடி ராயப்பன்பட்டி பஸ்ஸில்...

நிறுத்திவிட்டேன். கதைகளில் இப்படி எத்தனை பெண்களைத்தான் பஸ் ஏற்றுவது?

முடிவு (ஆ): முதலாளி தானாகவே மனம் மாறி...

அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

நடந்ததையே சொல்கிறேன். ஊழியர் கூட்டத்தில் விதிகளை வாசித்தேன். ஆறாவது வந்ததும் அருள்செல்வி எழுந்தார்.

"சார், நான் பொம்பளங்கிறதால லேட்டாகல. சொந்தக்காரக வீட்டுல தங்குனதால லேட்டாச்சு. உங்க தங்கச்சி தங்கமானவுக. சாப்பிடாமப் போகக் கூடாதுன்னு கேட்டைப் பூட்டிட்டாக. நான் என்ன செய்ய?"

யாரும் எதிர்பாராமல் டிரைவர் தங்கப்பாண்டி எழுந்தார். "அந்தப் பிள்ள சொல்றது நெசம் மொதலாளி. கோயமுத்தூர் போனா என்னைய மாமனார் வீட்டுல தங்கச் சொல்றீக. ஏன் இன்னும் வீடு கட்டலைன்னு விடிய விடியக் கேக்காக. மறுநா எப்பிடி வண்டி ஓட்ட?"

விற்பனை பார்க்கும் பாண்டீஸ்வரனும் பொங்கிவிட்டார். "மதுரையில பெரியப்பா வீட்டு விசேசத்துல என்னையப் பரிமாற விட்டுட்டாக. சரக்கு வாங்குற பார்ட்டி அங்கன காத்துக்கெடக்கான், நான் இங்கன சாம்பார் வாளியோட நிக்கேன்!"

கூட்டம் அதிர்ந்து சிரித்தது.

"அப்ப என்னதான் எழுதணுங்கிற ஆத்தா?" என்றார் முதலாளி.

"ஆம்பள, பொம்பள யாராயிருந்தாலும் வேலையாப் போனா ரூம்ல தங்கணும் சார். அடுத்த கண்டெய்னருக்கு நானே போறேன். ஒழுங்கா ஏத்திக் காட்டுறேன்."

முதலாளி தலையைச் சொறிந்தார். "பவுனுகிட்ட யாரு சொல்றது?"

"பாலிசியில இருக்குன்னு சொல்லுங்க சார். நம்ம மேல கோவிக்க முடியாதுல்ல?"

முதலாளியின் முகம் மலர்ந்தது. தங்கைக்கு அவரும் பயந்தவர்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். பழைய விதி ஆறை நானே அடித்தேன். அருள்செல்வி சொன்னதை அப்படியே எழுதினேன். இத்தனை வருடம் எழுதியதில் ஒருவருக்காவது உதவிய வரி அது ஒன்றுதான். பெருமையாகவே சொல்கிறேன்.

5

அடுத்த மாதம் கொச்சியிலிருந்து செய்தி வந்தது: "பதிமூணு டிகிரி. சீல் வச்சாச்சு. ஏத்தியாச்சு." கொட்டகையே விசிலடித்தது. நானும் அடித்தேன், சத்தம் வரவில்லை.

அப்போது காலை ஒன்பதரை. திரும்பும் பஸ் மாலை நான்கு மணிக்கு. அருள்செல்வி தன் அறைக்குப் போனார்.

அங்கே என்ன செய்தார் என்று கதை எழுதுகிறவன் சொல்லியாக வேண்டும். தூங்கினார் என்று எழுதினேன். கட்டிலில் ஏறி ஆடினார் என்று எழுதினேன். கடலைப் பார்த்தபடி... எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்காத ஓர் அறைக்காகத்தான் அவர் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றார். அதன் சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் அந்த அறைக்கு வெளியே வராந்தாவில் என் பக்கத்தில் உட்காரலாம். கதவை மட்டும் தட்டிவிடாதீர்கள்.