முதலாம் நரம்பு

1959 வைகாசி. வீரகத்தி நெல்வண்டியிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டு நாற்பது நாளாகியிருந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் எந்த மணமும் தெரியவில்லை.

கிளிநொச்சியில் டொக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மூக்கருகே ஒரு போத்தலைப் பிடித்தார்.

"கோப்பி, ஐயா."

"இது?"

"அதுவும் கோப்பிதான்."

"இரண்டும் வெறும் போத்தல். என்னையே பேய்க்காட்டுறீரோ?"

டொக்டர் மூளையின் படத்தை விரித்தார். மூளையின் பன்னிரண்டு சோடி நரம்புகளில் முதலாவது மணத்துக்கானது. அது நூல் நூலாக, அரிதட்டுப் போன்ற ஓர் எலும்பின் துளைகளுக்குள்ளால் மூக்குக்கு இறங்குகிறது. தலை அதிர்ந்ததில் அந்த நூல்கள் அறுந்திருக்கும், இனி மணம் திரும்புவது கடினம் என்றார்.

வட்டக்கச்சியில் தன் வீட்டுக்கு வந்ததும் வீரகத்தி பெட்டகத்தைத் திறந்தார். குடியேற்றக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது, தகப்பன் புகையிலைக்குப் புகை போடும் குடிலில் கிடந்த ஒரு சாக்கை மடித்துக் கொண்டு வந்திருந்தார். ஊர் நினைவு வந்தால் அதில் முகத்தைப் புதைப்பார். குடிலின் புகையும், செத்துப்போன தகப்பன் இருமுகிற சத்தமும் மணத்தோடு சேர்ந்தே வரும்.

இன்று முகத்தில் சாக்கு உரசியது. அவ்வளவுதான்.

சாக்கை மனைவி கமலாசனியிடம் நீட்டினார். அவள் பூவரசங்குளத்தில் பிறந்தவள். அந்தக் குடிலைக் கண்டதில்லை.

"புகையிலை மணக்குது. புகையிலைச் சாக்கு வேறென்னத்தை மணக்கும்?"

"அது எனக்கும் தெரியும். எங்கட வீட்டு மணம் இன்னும் இருக்குதோ எண்டு பாருமப்பா."