தூணோடு வந்த ஸ்டிக்கர்

ஏற்காட்டு ஏரிக்கரையில் சோளக்கதிர் சுட்டு விற்கும் ஸ்தனிஸ்லாஸுக்கு ஊரில் பேசாத ஆளே கிடையாது, ஒருத்தியைத் தவிர. அவள் மிளகாய் பஜ்ஜிக் கடை புஷ்பலதா. இரண்டு வருடத்துக்கு முன்னால் காற்று திரும்பி, இவருடைய கரி அடுப்புச் சாம்பல் அவளுடைய மாவுச் சட்டியில் விழுந்துவிட்டது. அடுப்பைத் தள்ளி வைக்கச் சொன்னாள் அவள். போய்க் காற்றைக் கேள் என்றார் இவர். அன்றோடு பேச்சு நின்றது.

ஏரிக்கரைக் கடைக்காரர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. படகுத்துறை வாசலுக்கு நேர் இடத்தில்தான் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். அதை யாரும் பட்டா போட்டுக்கொள்ளக் கூடாதென்று, திங்கட்கிழமைதோறும் எல்லாரும் ஓரிடம் தள்ளிப் போவார்கள். அடுப்பும் சட்டியும் கூடையும் நகரும். இரும்புத் தூணும் தகரக் கூரையும் பல்பும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மலர்க் கண்காட்சி வரும் வாரத்துத் திங்களன்று புஷ்பலதா வாசலை விட்டு அடுத்த இடத்துக்குப் போக, அந்த இடம் ஸ்தனிஸ்லாஸுக்கு வந்தது. தூணில் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கதிர் வாங்கிய முதல் ஆளே எதுவும் கேட்காமல் அதற்கு நேரே போனை நீட்டினார். பக்கத்தில் புஷ்பலதா கடையில் இருந்த, பணம் வந்தால் அறிவிக்கும் பெட்டி, முப்பது ரூபாய் வந்ததென்று சத்தமாய்ச் சொன்னது. பல்பு மாதிரி இதுவும் வரிசைக்கே பொது, பெட்டியை மட்டும் அவள் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று மனிதர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். யாரிடமும் எதையும் நீட்டாமலே கேஸ் மானியம் பேங்கில் வந்து விழுகிறதே, இதுவும் அப்படித்தான் விழும் என்று நினைத்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். கேட்க வேண்டிய ஆள் அவளாயிற்றே!

நாலு நாளும் சில்லறை தேடும் தொல்லை இல்லாமல் கதிர் போயிற்று. வியாழக்கிழமை நாலு மணிக்கு மஞ்சக்குட்டை மாதப்பன் ஜீப்பில் சோளம் கொண்டுவருவார். கண்காட்சி மூன்று நாளுக்கு இரண்டு மூட்டை, நாலாயிரம் ரூபாய். எல்லாக் கடையும் சோளத்துக்குப் பறக்கிற நேரம் என்பதால் கடன் கிடையாதென்று முன்னமே சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளில் சம்பாதிப்பதை வைத்துத்தான் ஆள் வராத மழை மாதங்களை ஸ்தனிஸ்லாஸ் ஓட்டியாக வேண்டும்.

வியாழன் மத்தியானம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனார். அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் என்று அடித்துக் கொடுத்தார்கள். நாலு நாளாய் ஒரு பைசா வரவில்லை. இவர் விஷயத்தைச் சொன்னதும், அந்த ஸ்டிக்கர் யார் பெயரில் இருக்கிறதென்று முதலில் பாருங்கள் என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். திரும்பி ஓடிவந்து, கதிர் வாங்க நின்ற ஒரு பெண்ணிடம் போனில் பெயரைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். புஷ்பலதா என்று படித்தாள் அவள்.

போச்சு. நாலு நாள் புகையில் வெந்தது அவளுக்காகவா? இல்லவே இல்லை என்று அவள் சாதித்தால் எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது? வேறு யார் பெயராவது இருந்திருக்கக் கூடாதா? அதற்குள் ஜீப்பும் வந்து நின்றுவிட்டது. வீறாப்பை விழுங்கிக்கொண்டு பஜ்ஜிக் கடைக்கு நடந்தார்.

"அம்மிணி," என்றார். "அந்தத் தூணுல ஒட்டியிருக்கறது உங்களுதுங்களா?"

புஷ்பலதா பஜ்ஜியை அரித்துப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். "நாலாயிரத்து எரநூத்தி முப்பதுங்கண்ணா," என்றாள். "பெட்டியிலயே ஒண்ணு ஒட்டியிருக்குதா, என்ற புள்ள புவனா தூணுல ஒட்டுனத நான் மறந்தே போயிட்டேன். என்ற பஜ்ஜி தட்டு நாப்பது ரூவா. முப்பது, அறுவதுன்னு பெட்டி கத்துனதெல்லாம் உங்க கருது. நூத்தியிருவதுன்னு கத்துனாத்தான் கொழப்பம். அப்பெல்லாம் உங்க பக்கம் எத்தன பேரு கருதோட நிக்கறாங்கன்னு திரும்பிப் பாத்துக்குவேன்."

ஜீப்பின் முன்கண்ணாடியில் மாதப்பனும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். புஷ்பலதா போனை அதற்கு நேரே பிடித்து நாலாயிரத்தை அனுப்பினாள். மீதியைத் தன் பணப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தாள். இரண்டு மூட்டையும் இறங்கின. அப்பாடா என்று ஒரு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார் ஸ்தனிஸ்லாஸ்.

கொஞ்சம் மூச்சு வந்ததும், முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

"சொல்லலாம்னுதான் வந்தனுங்க. நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க," என்றாள் அவள். "பணம் எங்கயும் போயிராது, இதுக்காவாச்சும் வந்து ஒரு வார்த்த பேசுவீங்கன்னு உட்டுட்டேன்."

ஸ்தனிஸ்லாஸ் எழுந்து தன் இடத்துக்குப் போனார். சாயங்காலக் காற்று ஏரிப்பக்கமிருந்து வீசத் தொடங்கியிருந்தது. ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, கனன்றுகொண்டிருந்த அடுப்பைத் தூக்கி, பஜ்ஜிக் கடைக்கு எட்டாத கோடியில் கொண்டுபோய் வைத்தார். புஷ்பலதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்தக் கேட்டுட்டேன் அம்மிணி," என்றார். "இங்கதான் வெக்கச் சொல்லுது."