வாசகசாலை மாடியில் ஒரு நடை

செங்கல் ஊர் வாசகசாலை மாடியில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு அனிமேஷன் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதுவும் காசில்லாமல் என்று கேட்டதுமே தங்கபாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் எவர் எதைச் சும்மா கொடுக்கிறார்? அதிலும் சொல்லிக்கொடுக்க வந்தவள் மேலேவிளை வீட்டுப் பேத்தி ஸ்ரீகலா.

மேலேவிளை வீடு பழைய ஜன்மி வீடு; ஒருகாலத்தில் ஊர் நிலமெல்லாம் அவர்களுடையது. தங்கபாயின் மாமனார் ராஜையா அவர்கள் நிலத்தில் குடிசை போட்டுக் கிடந்தவர். நிலச்சட்டம் வந்தபோது அந்தக் குடிசை நின்ற பத்து சென்ட் அவருக்கே சொந்தமென்று பட்டயம் கிடைத்தது. மேலேவிளைக்காரர்கள் ஒன்பது வருடம் வழக்காடித் தோற்றார்கள். தங்கபாய் அதை மறக்கவில்லை. ஆகவே அவர்களும் மறந்திருக்க மாட்டார்கள் என்பது அவள் கட்சி. புருஷன் சத்தியதாஸ் இப்போதும் சவூதியில்; தம்மாமில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டிச் சம்பாதித்து அந்த இடத்தில்தான் வீடு எழுப்பியிருந்தான். அது கைவிட்டுப் போனால் நிற்க வேறு இடமில்லை.

மகள் ஜிஷா அழுது அடம்பிடித்ததால் அனுப்பிவைத்தாள். மூன்றாம் வாரம் அந்தப் பிள்ளை தையல் டேப்பை எடுத்து முற்றத்தை அளந்துகொண்டு நின்றது.

"ஏட்டி, என்னத்த அளக்க?"

"கிளாசுக்காக்கும்மா."

"நம்ம முற்றத்துக்குக் கிளாசில என்ன வேல?"

ஜிஷா டேப்பைச் சுருட்டினாள். முகத்திலேயே கள்ளம் தெரிந்தது. அவள் குளிக்கப் போன நேரம் தங்கபாய் நோட்டைப் புரட்டினாள். கேட்டிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து வாசல், படியின் உயரம்கூட எழுதியிருந்தது. கீழே சிவப்பு மையில் டீச்சரின் கையெழுத்து.

போதாதா? மறுநாளே பட்டயத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வகுப்பு நடக்கும்போதே வாசகசாலை மாடி ஏறினாள்.

"டீச்சரே, எங்க முற்றத்து அளவு ஒங்க ஆளுவளுக்கு என்னத்துக்கு? கேஸு தீந்தாச்சு. பட்டயம் இன்னா இருக்கு!" என்று பையைத் தூக்கிக் காட்டினாள்.

ஸ்ரீகலா விழித்தாள். "ஐயோ சேச்சி, அளக்க நான் சொல்லல்ல. படத்துக்காக்கும்னு நெனச்சு ஒப்பு போட்டேன். தெரிஞ்ச ஒராளு நடக்கியதப் பாத்து அதுபோல அசைய வைக்கணும், அதாக்கும் பாடம். ஜிஷா, அம்மைக்குக் காட்டு."

ரெண்டுபேரும் பேசிவைத்த நாடகம் என்றுதான் தங்கபாய் நினைத்தாள். டீச்சர் இரண்டாவது தடவை சொன்னபிறகுதான் ஜிஷா கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கினாள்.

திரையில் அவர்கள் வீடு. கேட் திறந்து நீலச்சட்டைக்காரன் ஒருவன் வந்தான். சத்தியதாஸேதான், மீசை சொன்னது. தங்கபாய்க்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. அந்த உருவம் ஊன்றுகோலை முன்னால் வைத்து, இடதுகாலை இழுத்து, நின்றது. மறுபடி ஒரு எட்டு. கிணற்றடியில் மூச்சு வாங்கியது. வாசற்படியில் ஏற முடியாமல் திண்டாடியது.

"அப்பாக்கு இது என்ன நடையிட்டி?"

ஜிஷா உடைந்து அழுதாள். "பாடத்துக்காக வீடியோ கால்ல அப்பாவ நடந்து காட்டச் சொன்னேன். மாட்டேன்னாவ. நான் விடல்ல. கம்பிக்கட்டு கால்ல விழுந்து நாலு மாசமாச்சாம். ஒனக்கிட்ட சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கினாவ. ஊருக்கு வந்தா படி ஏறுவாவளான்னு பாக்கத்தான் அளந்தேன்."

நாலு மாதமாக அவன் உட்கார்ந்தபடி முகத்தை மட்டும் காட்டிப் பேசினான். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள் அதை மட்டும் சந்தேகப்படவில்லை. ஸ்ரீகலா நாற்காலியை இழுத்துப் போட்டாள், தங்கபாய் உட்கார்ந்தாள்.

திரையில் உருவம் படிக்குக் கீழே நின்றுவிட்டிருந்தது.

"இன்னொரு மட்டம் மொதல்ல இருந்து நடக்க விடு, மக்கா," என்றாள்.