காங்கிரி வைத்த இடம்

அன்று காலையும் மன்சூர் சின்னக் காங்கிரியில் கனல் நிரப்பிக் கொண்டுபோய், கார் பானட்டைத் திறந்து உள்ளே வைத்து, மெதுவாகச் சாத்தினான். காஷ்மீரின் நாற்பது நாள் கடுங்குளிரான சில்லைக் கலான் தொடங்கியிருந்தது. பாம்பூரில் குழாய்த் தண்ணீர் உறைந்து கோலாக நின்றது. ஊரே ஃபெரன் என்னும் தொளதொள அங்கிக்குள் வைத்து அணைத்துக்கொள்ளும் கனல்சட்டியை இவன் காருக்குக் கொடுப்பது தெருவுக்கு வேடிக்கை.

"பொண்டாட்டிக்கு ஆறின காங்கிரி, வண்டிக்குப் புதுக் கனலா?" என்றாள் ஹஃபீஸா சமையலறை ஜன்னலிலிருந்து.

"நீ திட்டிக்கிட்டாவது கிளம்பிடுவ. அது கிளம்பாதே! டீயை இறக்கி வை, ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன்."

ரொட்டிக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உப்புத் தேநீர் அடுப்பிலேயே வற்றிப்போனது. மாலையில் யாரோ நினைவாகப் பானட்டைத் திறந்து காங்கிரியை எடுத்துவந்து திண்டோரம் வைத்தார்கள். வெறும் சாம்பல். அந்தச் சட்டியை ஹஃபீஸா அப்புறம் தொடவில்லை. நினைப்பைக்கூட அந்தப் பக்கம் போகவிடவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வசந்தத்தில் வேலைக்குத் திரும்பினாள். ஸ்ரீநகரில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்பவள். அவன் இருந்தவரை காலையில் அவன்தான் ஓட்டுவான், அவள் பக்கத்தில் உட்காருவாள். அவன் கற்றுக்கொடுத்த கை இப்போது பயன்பட்டது. கோடை முழுக்கக் கார் ஒரு குறையும் சொல்லவில்லை.

குங்குமப்பூ பறித்து முடிந்து, வயல்மேல் முதல் உறைபனி வெள்ளையாக இறங்கிய காலையில் சாவியைத் திருப்பினாள். கார் குளிர்காய்ச்சல்காரனைப்போல நடுங்கியது. இருமியது, துள்ளியது, நின்றது. மறுபடி திருப்பினால் மறுபடி அதே நடுக்கம். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலேறியதும் ஒன்றுமே நடக்காததுபோல அமைதியானது.

பக்கத்து வீட்டு வாசலில் மன்சூரின் தம்பி ஷௌகத் பல் துலக்கிக்கொண்டே அண்ணியைப் பார்த்து நின்றான். "பாபி, அண்ணன் காலத்துல இந்தச் சத்தம் கேட்டதே இல்ல. ஒரே வருஷத்துல இன்ஜினைத் தின்னுட்டீங்களே!"

ஆறு குழாய் ரத்தத்தில் எது யாருடையது என்று ஒருநாளும் மாற்றிச் சொல்லாதவள் அவள். மன்சூர் விட்டுப்போனதை அவள் கெடுத்தாள் என்ற பேச்சு, ரொட்டிக்கடை வரைக்கும் போய்விட்டது. அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

நெடுஞ்சாலையில் நஸ்ருல்லாவின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். போய்ச் சேருவதற்குள் இன்ஜின் சூடாகிவிட்டிருந்தது.

"என்ன தீதி, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இவ்வளவு அடக்கமா நிக்குது?" என்றான் அவன். ஸ்பார்க் பிளக் மாற்றினான். காற்று போகும் வழியைச் சுத்தம் செய்தான். சூட்டை அளக்கும் சென்சாரைக்கூட மாற்றினான். மறுநாள் காலை வீட்டில் அதே நடுக்கம். ஒரு ராத்திரி பட்டறையிலேயே விட்டுப் பார்த்தார்கள். நான்கு பக்கமும் அடைத்த கொட்டகை, நடுவில் விடிய விடிய எரியும் விறகடுப்பு. காலையில் வண்டி சமர்த்தாகக் கிளம்பியது.

"எங்க வீட்டு வாசல்ல, விடியும்போது வந்து பாருங்க நஸ்ருல்லா பாய்."

"பாம்பூருக்கா? இந்தக் குளிர்லயா? என்கூடப் பேசாம இருக்கிற நாள்லகூட என் பொண்டாட்டி என்னை அந்நேரத்துல போர்வையை விட்டுத் தள்ளமாட்டா, தீதி."

அதற்குள் ஷௌகத் வாங்குபவனைப் பிடித்துவிட்டான். "அடுத்த வெள்ளிக்கிழமை காலையில வர்றான் பாபி. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நடுங்குமேன்னு பயப்படாதீங்க. முன்னாடியே அண்ணன் மாதிரி ஒரு காங்கிரியை உள்ள வெச்சுட்டா, அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"அண்ணன் மாதிரியா?"

"ஆமா, தினம் வெப்பாரே."

அவன் போன பிறகும் ஹஃபீஸா வாசலிலேயே நின்றாள். மன்சூர் தினம் வைத்தான். அதனால்தான் அவன் காலத்தில் யாரும் அந்த நடுக்கத்தைக் கேட்கவில்லை. கார் அப்போதே இப்படித்தான் இருந்திருக்கிறது. ஆனால் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்?

திண்டோரத்திலிருந்து சட்டியை எடுத்தாள். கை கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான். கையகலச் சட்டி முழு இன்ஜினையும் சூடாக்கிவிடாது, தொடும் இடத்தைத்தான் சூடாக்கும். அப்படியானால் நோய் இருக்கும் இடத்தைச் சட்டியே காட்டிக்கொடுக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. வேலையில் அவள் கற்றது அது.

முதல் நாள் ரேடியேட்டர் பக்கம் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். நடுக்கம். மறுநாள் புகைக்குழாய்ப் பக்கம். அன்றும் நடுக்கம். அடுத்த நாள் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இனி எங்கே என்று டார்ச் அடித்துப் பார்த்தவள் தற்செயலாக மேலே பார்த்தாள். பானட்டின் உள்பக்கத்தில் ஒரு கரிவட்டம். பல காலைகளின் அனல் பட்டுப்பட்டுப் பழுப்பேறியது. அதற்கு நேர் கீழே, காற்றுக்குழாய் இன்ஜினோடு சேரும் மூட்டு.

அங்கே வைத்தாள். உள்ளே போய்த் தேநீர் குடித்தாள். வந்து சட்டியை எடுத்துவிட்டுத் திருப்பினாள். கார் ஒரே மூச்சில் எழுந்து சீராக முனகியது.

அவள் உடனே நம்பிவிடவில்லை. அடுத்த காலை சட்டி இல்லாமல் பார்த்தாள், நடுங்கியது. அதற்கடுத்த காலை சட்டியோடு, நடுங்கவில்லை. அப்புறம்தான் போனை எடுத்தாள்.

"இடம் கிடைச்சுடுச்சு பாய். காத்துக்குழாய் மூட்டு. குளிர்ல ஏதோ திறக்குது, சூடானா மூடிக்குது. நாளைக்கு விடியும்போது வாங்க. ஆட்டுக்கறி போட்டு ஹரீஸா செய்யறேன்."

"ஹரீஸாவா? அதை மொதல்லயே சொல்லியிருந்தா போன மாசமே வந்திருப்பேனே!"

ஃபெரனுக்குள் கையை விட்டுக்கொண்டு நஸ்ருல்லா வந்து சேர்ந்தபோது கூரை விளிம்பில் பனிக்கம்பிகள் தொங்கின. அவள் காரைக் கிளப்பினாள். அது நடுங்கத் தொடங்கியதும் அவன் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை மெல்லிய குழாய் வழியாக அந்த மூட்டின்மேல் பீய்ச்சினான். நடுக்கம் சட்டென்று நின்று, இன்ஜின் சத்தம் சீராக ஏறியது. கையை எடுத்ததும் மறுபடி நடுங்கியது.

"மூட்டுக்கு நடுவுல அடைச்சிருக்கிற கேஸ்கெட் சுருங்கிப்போச்சு. இந்த இடுக்கு வழியா வெளிக்காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது," என்றான். "நான் மாத்தினது எல்லாம் சும்மா, தீதி."

ஹரீஸாவை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு மூட்டைப் பிரித்தான். எடுத்த கேஸ்கெட் காய்ந்த தோல்போல விறைத்திருந்தது. புதிதைப் போட்டான்.

"அவருக்குத் தெரிஞ்சுதான் இங்க வெச்சாரா?" என்று கேட்டாள் ஹஃபீஸா.

நஸ்ருல்லா கையைத் துடைத்தபடி யோசித்தான். "இங்கதான் சட்டி சாயாம நிக்கும். அதுக்காகவும் இருக்கலாம். தெரிஞ்சும் இருக்கலாம்." பிறகு மேலே பார்த்தான். "இந்தக் கரியைத் தேய்ச்சு எடுத்துடவா?"

"வேண்டாம்."

வெள்ளிக்கிழமை ஷௌகத் ஆளோடு கொஞ்சம் முன்னாலேயே வந்தான். ஃபெரனுக்கடியில் அவனே ஒரு காங்கிரி கொண்டுவந்திருந்தான். ஆளைத் தெருவில் நிறுத்திவிட்டு, "பாபி, சாவி," என்று கிசுகிசுத்தான்.

"சட்டியை நீயே வெச்சுக்கோ. கை விறைச்சுடும்," என்றாள் ஹஃபீஸா. பானட்டைத் திறந்துவிட்டு, சத்தமாக அந்த ஆளைக் கூப்பிட்டாள். "வாங்க, இன்ஜினைத் தொட்டுப் பாருங்க."

அவன் தொட்டான். பனிக்கட்டி. அவள் தன் தேநீர்க் கிண்ணத்தை இன்ஜின் மூடியின்மேல் வைத்துவிட்டுப் போய்ச் சாவியைத் திருப்பினாள். கிண்ணத்தின் விளிம்புவரை இருந்த தேநீர் ஒருமுறை சிலிர்த்தது. ஒரு சொட்டும் வழியவில்லை.

"இந்தக் குளிர்ல இப்படியா?" வாங்க வந்தவன் கிண்ணத்தையே பார்த்தான். "தம்பி சொன்னதுக்கு மேலயே தர்றேன் அக்கா."

"விக்கிறதா நான் சொல்லலையே."

ஷௌகத் இன்ஜினைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "யார் பாபி கண்டுபிடிச்சது?"

"இன்ஜினைத் தின்னவதான்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கிண்ணத்தை எடுத்துத் தேநீரை அவனே குடித்துவிட்டான். பகலுக்குள் அந்தக் கதை ரொட்டிக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது. இந்த முறை கொண்டுபோனவன் அவன்தான்.

இப்போது காருக்குக் காங்கிரி வேண்டியதில்லை. சின்னக் காங்கிரியை ஹஃபீஸா தன் ஃபெரனுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காருகிறாள், ஜன்னல் பனி கரையும்வரை. ஆயில் பார்க்கப் பானட்டைத் திறக்கும்போதெல்லாம் மேலே அந்தக் கரிவட்டம் இருக்கிறது. உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்.