இஸ்திரி வண்டி நின்ற இடம்

செண்பகவல்லி கணவரின் கால் பெருவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. காலையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளக் கை நீட்டிய நெல்லையப்பன்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிறகு, தாராவியின் அந்தச் சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நிரம்பிக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சை இறுக்கிவிட்டு அவளே எழுந்து போனை எடுத்தாள்.

"சார், ரிக் வண்டி ஆண்டாப் ஹில் மேல ஏறிருச்சுங்க. எந்த எடத்துல போர் போடறதுன்னு வந்து காட்டுனீங்கன்னா ஆரம்பிச்சரலாங்க." திருச்செங்கோட்டு டிரைவர்.

"சார் இல்ல தம்பி. காலைல எறந்துட்டாவ."

எஞ்சின் உறுமலுக்கு மேல் அவன் குரல் வந்தது. "அய்யோ... அப்ப வண்டியத் திருப்பிரட்டுங்களா அக்கா?"

"திருப்பாதீங்க. நில்லுங்க."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். நெல்லையப்பன் போர் போட இடம் குறித்துக் கொடுத்திருந்த அந்தக் குன்றுக்குக் குழாய் ஏறவில்லை. டேங்கர் வந்தால் தண்ணீர், வராவிட்டால் சண்டை. யானை நுழைவதுபோல ரிக் வண்டி நுழையவேண்டும் என்று அங்குள்ள சந்துக்காரர்கள் தங்கள் வாசல் தகரக் கூரைகளைக் கழற்றியிருந்தார்கள். மழைக்காலம் வாசலில் நிற்கிறது. இன்று திரும்பிப் போகும் வண்டிக்காக இன்னொரு முறை யார் கூரையைக் கழற்றுவார்?

கொஞ்ச நேரத்தில் குன்றிலிருந்து ராபியா ஓடி வந்தாள். தண்ணீருக்காக அந்தச் சந்துக்காரர்களைத் திரட்டியவள் அவள்தான். உடலைப் பார்த்ததும் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு செண்பகவல்லியின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, மேல ரெண்டு கட்சியா நிக்காங்க. குறிச்ச மனுசனே போயிட்டாரு, அபசகுனம், வண்டிய அனுப்புங்கன்னு ஒரு கட்சி. இல்ல, போடுவோம்னு ஒரு கட்சி. எடத்துக்கு மஞ்ச தண்ணி தெளிச்சு, மாலையெல்லாம் போட்டு வச்சிருக்கோம்."

"எங்க போட்டிருக்கிய மாலைய?"

"வேப்பமரத்தடியிலதான்."

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வேப்பமரத்தடி தப்பான இடம். பாளையங்கோட்டையில் நிலவியல் படித்துவிட்டு வந்து, ஊர் ஊராக நிலத்தடி நீர் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர் நெல்லையப்பன். நாலு இரும்பு முளைகளை வரிசையாக மண்ணில் அடித்து, வெளி முளைகள் வழியாக மின்சாரத்தை உள்ளே அனுப்பி, பாறை அதை எவ்வளவு தடுக்கிறது என்று கருவிப் பெட்டியில் பார்ப்பார். முளைகளை விலக்க விலக்க ஆழம் தெரியும். தண்ணீர் இருந்தால் மின்சாரம் எளிதாக ஓடும். வேப்பமரத்தடியில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, "நல்லா காட்டுது" என்று சொல்லிவிட்டார். சந்து அன்றே லட்டு வாங்கித் தின்றது.

அவருக்கோ அன்று சோறு இறங்கவில்லை. "பாம்பேல இவ்வளவு நல்லா காட்டுனா சந்தேகப்படணும்" என்று மறு ஞாயிறு செண்பகவல்லியையும் அழைத்துக்கொண்டு போனார். டேப்பின் ஒரு முனையை அவள்தான் பிடித்தாள். கசியும் ஒயர்கள் பெட்டியைக் குழப்பும் என்று வீடு வீடாகப் போய் மெயினை அணைக்கச் சொன்னார். கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்த நேரம்! வேறு ஆளாக இருந்தால் அடி விழுந்திருக்கும். இவர் சிரித்த முகத்தோடு கும்பிட்டு நின்றதில் சந்தே முனகிக்கொண்டு இருட்டாகிவிட்டது. கடைசியில், மரத்தடியில் எந்தக் காலத்திலோ கைவிட்ட இரும்புக் குழாய் ஒன்று புதைந்திருப்பது தெரிந்தது. மின்சாரம் ஓடியது அதில்தான். "நான் சொன்னது தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, இஸ்திரி வண்டி நிற்கிற இடத்தில் புதுக் குறி போட்டார். லட்டு தின்றவர்களுக்கு அது மண்டையில் ஏறவில்லை போலிருக்கிறது, இன்றும் மாலை மரத்தடியிலேயே விழுந்திருக்கிறது. தப்பை ஊரறிய ஒப்புக்கொள்கிற இப்படி ஒரு மனுசனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று அன்று அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நெல்லையப்பனின் அண்ணன் அய்யாத்துரை பந்தல்காரனோடு பேசிவிட்டு உள்ளே வந்தார். "ஏ செம்பகம், நீர்மாலைக்கு நேரமாவுது. மவன் பேச்சிராஜாவக் குளிச்சிட்டு வரச் சொல்லு."

இறந்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரைப் பிள்ளைதான் பங்காளிகளோடு போய்க் குடத்தில் எடுத்து, மேலே வேட்டி பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஊரில் என்றால் ஆறு. தாராவியில் தெருக்குழாய்.

செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

"அத்தான், பேச்சி ஆண்டாப் ஹில்லுக்குப் போவட்டும். அவிய குறிச்ச எடத்துல போர் போட்டு, அந்தத் தண்ணிய நீர்மாலைக்கு எடுத்துட்டு வரட்டும்."

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"என்னட்டி சொல்லுத? கொள்ளி வைக்கிற பிள்ள அவன். தண்ணி வரலன்னா?"

"வரும்."

"பாறைக்கு உள்ள இருக்கது ஒனக்குத் தெரியுமாக்கும்?"

"எனக்குத் தெரியாது அத்தான். அவியளுக்குத் தெரியும்."

அய்யாத்துரை தம்பியின் முகத்தைப் பார்த்தார். "பொழுது அடையதுக்குள்ள எடுத்துரணும். அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்," என்று வெளியே போய்விட்டார்.

பேச்சிராஜா பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு ராபியாவோடு கிளம்பினான். "எம்மா, இஸ்திரி வண்டி எடந்தான?" என்று வாசலில் நின்று கேட்டான். அவள் தலையாட்டினாள்.

மதியம் போனில் அவன் குரல் இறங்கியிருந்தது. "எம்மா, முந்நூறு அடி தாண்டியாச்சு. வெறும் புழுதிதான் வருது. இங்க எல்லாரும் மூஞ்சப் பாத்துட்டு நிக்காவ."

"இன்னும் போவச் சொல்லுல."

சொல்லிவிட்டு மறுபடியும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் வராவிட்டால் நாளைக்கு அவரைப் பற்றி என்ன சொல்வார்கள்? போகிற அன்றும் பொய்த்த மனுசன் என்பார்கள். பதில் சொல்ல அவர் இருக்கமாட்டார். தானே அவரைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முளை அடித்து அடித்துக் காய்த்துப்போன கை. எந்த ஊரில் பார்த்தாலும் "இருக்கணும்" என்றுதான் சொல்வார், "இருக்கு" என்று சொன்னதே கிடையாது. இஸ்திரி வண்டி இடத்தில் மட்டும், பெட்டியை மூடிவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "இருக்கு பிள்ள" என்றார்.

வெயில் சாய்ந்தது. பாடை கட்டி முடிந்துவிட்டது. அய்யாத்துரை வாசலில் நின்று செருமினார், பிறகு ஆளை விட்டுத் தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்து ஓரமாக வைக்கச் சொன்னார். அவள் அதைப் பார்க்காததுபோல இருந்தாள்.

அப்போதுதான் சந்து முனையில் சங்குச் சத்தம் கேட்டது.

பேச்சிராஜா ஈர வேட்டியோடு குடத்தைத் தோளில் சுமந்து வந்தான். பின்னால் பங்காளிகள். அவர்கள் தலைக்கு மேல் பிடித்திருந்த வெள்ளை வேட்டியின் ஒரு முனை ராபியாவின் கையில் இருந்தது. அதற்கும் பின்னால் குன்றுக்காரர்கள், ஆளுக்கொரு குடமும் வாளியுமாக, சந்து கொள்ளாமல் வந்தார்கள். எல்லார் தலையிலும் சாம்பல் நிறப் புழுதி.

அய்யாத்துரை குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "என்னல இது, சிமெண்டக் கரைச்ச மாதிரி இருக்கு?"

"மொதத் தண்ணி பெரியப்பா. பாறைத் தூள் கலந்துதான் வரும். ராத்திரிக்குள்ள தெளிஞ்சிரும்னு டிரைவர் சொன்னாரு. பனை ஒசரத்துக்குப் பீச்சி அடிச்சிச்சு."

அய்யாத்துரை விரலை நனைத்து நாக்கில் வைத்தார். ஓரத்தில் இருந்த தெருக்குழாய்க் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "ஊத்துங்கடே, என் தம்பிக்கு," என்றார்.

குடம் குடமாக ஊற்றினார்கள். குன்றுக்காரர்களும் வரிசையில் வந்து ஊற்றினார்கள். தண்ணீர் வடிந்து ஓடியபின் நெல்லையப்பனின் புருவத்திலும் காது மடலிலும் சாம்பல் நிறத்தில் கல்தூள் ஒட்டியிருந்தது. செண்பகவல்லி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அதைத் துடைக்கக் குனிந்தாள். முகத்தருகே போன கை நின்றது. அவர் குறித்த பாறையின் தூள் அது; இருக்கட்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த குடத்துக்குக் கை நீட்டினாள்.