ஏமாளி மரபணு

உயிர் தோன்றிய நாள் முதல் இன்றுவரை அந்தப் புரதத்தைப் போல ஓர் ஏமாளி பிறந்ததில்லை என்பது அரைடாக்டரின் அசைக்க முடியாத முடிவு. ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் வருடக்கணக்கில் பாக்கி. ஆய்வகத்தில் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

வேண்டாத புரதங்களை அரைத்துத் தள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆலைகள் உண்டு. அவன் ஈஸ்ட் செல்லில் ஆராயும் மரபணு ஒரு புரதத்தைத் தருகிறது. ஆலையின் பாகங்களைக் கூட்டிச் சேர்ப்பது அந்தப் புரதம். ஆலை தயாரானதும் உள்ளே மாட்டி முதலில் அரைபடுவதும் அதே புரதம்.

"நானா இருந்தா கடைசித் திருகை முடுக்கின கையோட வெளிய குதிச்சிருப்பேன்," என்றான்.

"அது வேலைய முடிக்குதே, அண்ணா. நீங்க?" என்றாள் புதிதாகச் சேர்ந்த மாணவி.

அந்த வாரம் இரண்டு ஃப்ரீசர்களில் ஒன்று படுத்துவிட்டது. உறையவைத்த செல் மாதிரிப் பெட்டிகளுக்கு மிஞ்சியதில் இடம் பிடிக்க அடிதடி. சட்டம் போடும் பொறுப்பை அரைடாக்டர் தானாகவே தலையில் தூக்கிக்கொண்டான். ஒரு வருடம் யாரும் தொடாத பெட்டிக்குச் சிவப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் விழுந்த பெட்டி நீராவிக் கலத்தில் வெந்து குப்பைக்குப் போகும். தயவு தாட்சண்யம் கிடையாது.

"நான் முதமுதல்ல வளர்த்ததுடா அது!" என்று கெஞ்சினான் அவன் கூட்டாளி.

"போட்டோ எடுத்து வச்சுக்கோ, மாப்ள."

சாயங்காலம் மாணவி ஐஸ் வாளியோடு வந்து நின்றாள். சேர்ந்ததிலிருந்து அவள் பட்ட பாடு முழுவதும் அந்த வாளிக்குள் இருந்தது. ஃப்ரீசரிலோ ஊசி குத்த இடமில்லை.

"அண்ணா, ஐஸ் கரையுது."

மேல்தட்டின் மூலையில் ஸ்டிக்கர் இல்லாத ஒரு பழைய பெட்டி. பனி படிந்த மூடியில் அரைடாக்டரின் கையெழுத்து. ஏமாளி மரபணுவை நீக்கி அவன் வளர்த்த முதல் ஈஸ்ட். எடுத்துப் பார்த்து வருடங்கள் ஆகின்றன. காலையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போன கை அந்த மூலையை மட்டும் எப்படியோ தாண்டிவிட்டிருந்தது.

ஸ்டிக்கர் சுருளில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. ஒன்றை உரித்து மூடியில் ஒட்டினான். பெட்டியை உருவினான்.

"யாரோடதுண்ணா?"

"பழசு. உன்னோடத வை. கதவ மூடு, குளிரெல்லாம் வெளிய போகுது."

நீராவிக் கலத்தருகே தன் பெட்டிக்குத் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்த கூட்டாளி மூடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டான்.

"மாப்ள, போட்டோ?"

"வேணாம். கொஞ்சம் தள்ளு."

பெட்டியைக் கலத்துக்குள் மற்றவற்றின் மேல் அடுக்கி, கலத்தின் மூடியைப் பொருத்தினான். திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான், கடைசித் திருகு வரை.